பம்ப்பை மாற்றுவதற்கு முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நீச்சல் குளத்துக் குழாயைப் பத்தியா பேசப் போறே?" என்று வாசலிலேயே நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். திருவேற்காடு, பூந்தமல்லிப் பக்கம் அடுக்குமாடி விளம்பரம் என்றாலே அதில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. கட்டும்போது எல்லோரும் வந்து பார்க்கிறார்கள். பதினைந்து வருடம் கழித்து அதன் குழாயைப் பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 டிசம்பரில் நடந்த தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. அந்த மாதிரி 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலக் குளத்தில் 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் 25 லட்சம் லிட்டர். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அத்தனையும் வடிகட்டப்பட வேண்டுமானால் மணிக்கு 4 லட்சம் லிட்டருக்கு மேல் குழாயில் ஓட வேண்டும். கோயில் தெப்பக்குளத்துக்கு இந்தக் கவலை கிடையாது!

பழைய குளத்தில் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை என்றால் உடனே "பம்ப் போச்சு சார்" என்பார்கள். பெரும்பாலும் பம்ப் போயிருக்காது. பம்ப்புக்குப் பின்னால் உள்ள குழாய் ஒழுகினால் தரை ஈரமாகும், காட்டிக்கொடுத்துவிடும். முன்னால் உள்ள சக்ஷன் குழாய் அப்படியில்லை. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் ஓட்டை வழியே தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்தே கிடக்கும்.

நம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு பம்ப் மாற்றிவிட்டு மூன்றாவதுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெய்னர் மூடி வழியாகப் பார்த்தேன், உள்ளே குமிழி குமிழியாகக் காற்று. பம்ப் ஓடும்போதே ஒரு மக் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பாக ஊற்றிக்கொண்டு வந்தோம். பம்ப்பில் மரை போட்டு ஏற்றியிருந்த பிளாஸ்டிக் அடாப்டரில் ஊற்றியதும் குமிழி நின்றது. முன்பு எப்போதோ தண்ணீரில்லாமல் பம்ப் ஓடிய சூட்டில் அந்த மரை இளகிச் சுருங்கியிருக்கிறது. பம்ப்பை மாற்றியவர்கள் பழைய அடாப்டரையே டெஃப்லான் டேப் சுற்றி மாட்டியிருக்கிறார்கள். புது பம்ப்பும் காற்றைக் குடித்து, மெக்கானிக்கல் சீல் தேய்ந்து, ஒழுகிய தண்ணீர் மோட்டார் பேரிங்கில் இறங்கியது. சில நூறு ரூபாய் சாமானை விட்டதால் இரண்டு பம்ப் தண்டம்.

மாணவர்களுக்கு ஒன்று. மணல் வடிகட்டியைக் கழுவிய அன்று பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுகிறதோ, அதை அந்தத் தொட்டி மேலேயே பெயின்டால் எழுதிவையுங்கள். அதைவிட 8, 10 பிஎஸ்ஐ ஏறினால் மணல் அடைத்திருக்கிறது, பேக்வாஷ் செய்யலாம். குறைந்தால் கோளாறு சக்ஷன் பக்கமா என்று முதலில் பாருங்கள். ஆனால் நான் போகிற இடத்தில் பாதிக்கு மேல் கேஜ் முள் செத்துக் கிடக்கிறது.

பணம் போனால் போகட்டும். அந்த சக்ஷன் குழாய் போய் முடிகிற இடம் குளத்தின் அடியில் உள்ள வடிகால். பழைய சிறு குளங்களில் பல இடத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். 20 சென்டிமீட்டர் வாயை ஒரு குழந்தையின் உடம்பு மூடிவிட்டால், பாதி வளிமண்டல அழுத்தத்துக்கே 150 கிலோவுக்கு மேல் இழுவை. பெற்றவர் கையால் இழுத்து எடுக்க முடியாது. 2002ல் அமெரிக்காவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி இப்படித்தான் ஒரு சூடான நீர்த்தொட்டியின் வடிகாலில் சிக்கி இறந்துபோனாள். அவள் பெயரிலேயே 2007ல் அங்கே சட்டம் வந்தது. வடிகால் மூடி உடம்பை இழுத்துப் பிடிக்காத வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியம்.

வெயிலும் குளோரினும் பட்டு பிளாஸ்டிக் மூடி நொறுங்கிப்போகும். நாளைக்கு உங்கள் குடியிருப்புக் குளத்துக்குப் போனால் மூடி இருக்கிறதா, விரிசல் உண்டா, திருகாணி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் பம்ப் சுவிட்சை அணைத்து, புது மூடி வரும்வரை குளத்தைப் பூட்டச் சொல்லுங்கள். செயலாளர் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.