வீட்டுக் குப்பையும் ஊர்ப் பொறுப்பும்

குப்பை என்று தனியாக ஒரு பொருள் உலகில் இல்லை. வாசித்து முடித்த பத்திரிகை கடதாசியாகவே இருக்கின்றது. வெறுமையான போத்தல் கண்ணாடியாகவும், மீன் அடைத்து வந்த பேணி உருக்காகவும் இருக்கின்றன. காய்கறித் தோல் நிலத்துக்கு உரமாகக் காத்திருக்கின்றது. தனித்தனியே இருக்கும்வரை இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு; சிலவற்றுக்கு விலையும் உண்டு. இந்நான்கையும் ஒரே பையில் இட்டு, எஞ்சிய குழம்பையும் மேலே ஊற்றிக் கட்டிவிட்டால், அக்கணமே நான்கும் எவரும் தொட விரும்பாதவையாகின்றன. ஆதலின், குப்பை என்பது கலப்புக்கு இடப்பட்ட பெயர் எனலாம்.

அக்கலப்பு எத்துணைக் கேட்டை விளைவிக்கும் என்பதை இலங்கை நேயர்கள் நன்கறிவர். கொழும்பு நகரின் குப்பை ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டு வந்த மீதொட்டமுல்லையில், 2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, மழைநீர் ஊறியிருந்த குப்பைமேடு சரிந்து அருகிலிருந்த வீடுகளின்மேல் வீழ்ந்தது. 30 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மேட்டில் குவிந்து கிடந்தவை ஆயிரமாயிரம் அடுக்களைகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் நாள்தோறும் ஒவ்வொரு பையாகப் புறப்பட்டவை. பையைக் கொடுத்தவர்களின் வீடு தூய்மையாயிற்று. மேட்டின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் அதற்கான விலையைச் செலுத்தினர்.

பொருள்களைப் பிரிக்கும் வேலையை யார் செய்வது, எவ்விடத்தில் செய்வது என்பதே இங்கு எழும் வினா. இதற்கு யப்பான் நாட்டின் சிற்றூர் ஒன்று அளித்த விடை அறியத்தக்கது.

சிக்கோக்கு தீவிலே, தொக்குஷிமா மாகாணத்தின் மலைப்பகுதியில் கமிகட்சு என்னும் ஊர் உள்ளது. அங்கு வாழ்வோர் 1,500 பேருக்கும் குறைவானோர்; அவர்களிற் பாதிப்பேருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். ஒரு காலத்தில் இவ்வூர் மக்கள் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தே அகற்றி வந்தனர். பின்னர் ஊராட்சி சிறிய எரியுலைகளை அமைத்தது. ஆனால், எரியும் குப்பையிலிருந்து டயொக்சின் என்னும் கொடிய நச்சுப்பொருள் வெளிப்படுவதைத் தடுக்க 1999 ஆம் ஆண்டில் யப்பான் அரசு கடுமையான சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டம் விதித்த அளவுகளுக்கு அச்சிறு உலைகள் ஈடுகொடுக்கவில்லை, அவை மூடப்பட்டன. புதிய உலை கட்டவோ, குப்பை முழுவதையும் வேற்றூருக்குப் பணம் கொடுத்து அனுப்பவோ அச்சிற்றூரிடம் போதிய வசதி இருக்கவில்லை. எரிக்கவும் இயலாது, புதைக்கவும் விருப்பமில்லை என்ற நிலையில், எஞ்சியது ஒரே வழி. 2001 ஆம் ஆண்டில் ஊரார் தங்கள் வீட்டுக் கழிவுகளை 30 க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கத் தொடங்கினர். 2003 ஆம் ஆண்டில், 2020 ஆம் ஆண்டளவில் எரிப்பதற்கும் புதைப்பதற்கும் கழிவே இல்லாத ஊராகக் கமிகட்சுவை ஆக்குவதென ஊராட்சி அறிவித்தது. யப்பானில் இத்தகைய அறிவிப்பைச் செய்த முதல் ஊர் அதுவே.

கமிகட்சுவில் வீடுவீடாகச் சென்று குப்பை அள்ளும் வண்டி கிடையாது. ஊருக்குப் பொதுவாக ஒரு சேகரிப்பு நிலையம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்தினரும் தத்தம் வீட்டில் சேர்ந்தவற்றைத் தாமே அங்கு கொண்டு சென்று, உரிய பெட்டிகளில் தாமே இடுகின்றனர். வகைகள் பின்னர் 45 ஆக வளர்ந்தன. உருக்குப் பேணி வேறு, அலுமினியப் பேணி வேறு. நிறமற்ற போத்தல் வேறு, பழுப்பு நிறப் போத்தல் வேறு. பத்திரிகை, மட்டைப்பெட்டி, பால் அடைத்த கடதாசிப்பெட்டி ஒவ்வொன்றும் வேறு. ஐயம் எழுந்தால் விளக்கிச் சொல்ல அங்கே பணியாளர் இருப்பர். வாகனம் ஓட்ட இயலாத முதியோரின் வீடுகளுக்கு மட்டும் ஊராட்சியினர் சென்று எடுத்து வருகின்றனர்.

அந்நிலையத்தின் சிறப்பான அம்சம் ஒன்றுண்டு. ஒவ்வொரு பெட்டியின் அருகிலும், அதில் இடப்படும் பொருள் எங்கே செல்கின்றது, அங்கே என்னவாக மாற்றப்படுகின்றது, அதனால் ஊருக்குக் கிடைக்கும் வருவாய் எவ்வளவு அல்லது நேரும் செலவு எவ்வளவு என்பன எழுதி வைக்கப்பட்டுள்ளன. தன் உழைப்பு வீண்போகவில்லை என்பதைக் கண்ணால் காணும் மனிதன், அடுத்த முறையும் அதே கவனத்தோடு செயற்படுவான். சட்டத்தின் அச்சுறுத்தல் சாதிக்காததை இச்சிறு பலகைகள் சாதிக்கின்றன. இன்னும் பயன்படக்கூடிய ஆடை, பாத்திரம் முதலியவற்றை வைத்துச் செல்லவும், வேண்டியவர் விலையின்றி எடுத்துச் செல்லவும் அங்கேயே ஓர் இடமும் உண்டு.

இத்தனை வகைகள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். தொழிற்சாலையின் வாயிலில் நின்று நோக்கினால் காரணம் விளங்கும். கண்ணாடிக்கு நிறமூட்டும் உலோகச் சேர்மங்கள் அதனை உருக்கினாலும் நீங்குவதில்லை. பச்சைப் போத்தலும் பழுப்புப் போத்தலும் கலந்தால் தெளிந்த கண்ணாடி ஒருபோதும் கிடைக்காது. போத்தல்களோடு உடைந்த பீங்கான் கோப்பையின் துண்டொன்று கலந்துவிட்டால், அது கண்ணாடி உருகும் வெப்பத்தில் உருகாது கல்லாகவே தங்கி, புதிய போத்தலில் வலுக்குன்றிய இடத்தை ஏற்படுத்தும். கடதாசியின் உயிர் அதன் நாரிலே உள்ளது. அந்நாரை நீரிற் கரைத்தே புதிய கடதாசி செய்யப்படுகின்றது. எண்ணெய் ஊறிய கடதாசி நீரோடு இணங்காமையால் அடுத்துள்ள நல்ல கடதாசியையும் கெடுத்துவிடும். மென்பானம் அடைத்து வரும் பிளாஸ்டிக் போத்தலும் அதன் மூடியும் கண்ணுக்கு ஓரினம் போலத் தோன்றினும் வெவ்வேறு பொருள்களால் ஆனவை. போத்தலின் துண்டு நீரில் மூழ்கும். மூடியின் துண்டு மிதக்கும். உருகும் வெப்பநிலையும் இரண்டுக்கும் வேறு. அலுமினியத்தின் கதையோ இன்னும் வியப்பானது. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக வார்ப்பதற்கு, தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ 20 இல் ஒரு பங்கே போதுமானது. வீசி எறியப்படும் ஒவ்வொரு பேணியோடும் அச்சக்தியும் வீசி எறியப்படுகின்றது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அவ்வூரார் செய்தது அடுக்களைக் கழிவைத் தனியே பிரித்ததாகும். அதனைச் சேகரிப்பு நிலையம் ஏற்பதில்லை. ஒவ்வொரு வீட்டாரும் தம் தோட்டத்திலேயே கூட்டெருவாக்க வேண்டும். தோட்டமில்லாதவர் சிறு மின்பொறிகளைப் பயன்படுத்தலாம். அவற்றை வாங்க ஊராட்சி உதவிப்பணம் வழங்கியது. ஈரம் நீங்கியதும் நாற்றம் நீங்கிற்று. நாற்றம் நீங்கியதும் எஞ்சியவற்றை வீட்டில் பல நாள் வைத்திருந்து, வசதியான நாளில் எடுத்துச் செல்வது எளிதாயிற்று. அடுக்களைக் கழிவை நீக்காது ஏனையவற்றைப் பிரிக்க முயல்வது, சேற்றில் நின்றுகொண்டு கால் கழுவுவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவு முயன்றும் கமிகட்சு தன் குறிக்கோளை முற்றாக எட்டவில்லை. 2020 ஆம் ஆண்டில் அவ்வூரின் கழிவில் ஏறத்தாழ 80 சதவீதம் மீண்டும் பயன்பாட்டுக்குச் சென்றது. யப்பான் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இவ்வளவு ஏறத்தாழ 20 சதவீதமே. எஞ்சியவை எவை? குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கட்டும் அணையாடைகள், பலவகைப் பொருள்களை ஒட்டிச் செய்த காலணிகள், பிரிக்கவே இயலாதவாறு அமைந்த சில பண்டங்கள். வீட்டார் எத்துணைப் பொறுமையோடு பிரித்தாலும், பிரிக்க முடியாதபடி செய்யப்பட்ட ஒன்றை அவர்களால் என் செய்ய இயலும்? அவ்விடத்தில் பொறுப்பு வாங்கியவரை விட்டு, செய்தவரிடமும் விற்றவரிடமும் சென்று சேர்கின்றது. இவ்வுண்மையை ஊகத்தால் அன்றி அனுபவத்தால் நிறுவிக் காட்டியதும் கமிகட்சுவின் தொண்டே.

ஓராயிரத்து ஐந்நூறு பேருக்கும் குறைவானோர் வாழும் மலையூரின் முறையை இலட்சக்கணக்கானோர் வாழும் நகரில் அப்படியே நாட்டுவது இயலாது. மாடிக்குடியிருப்பில் வாழ்பவருக்குக் கூட்டெருக்குழி தோண்ட நிலம் ஏது? ஆயினும் முறையின் சாரம் எங்கும் செல்லும். ஈரமானதை உலர்ந்ததிலிருந்து அடுக்களையிலேயே பிரித்தல்; பேணியையும் போத்தலையும் பாத்திரம் கழுவிய நீரிலேயே அலசிக் கவிழ்த்து வைத்தல்; கடதாசியை நனையாமற் கட்டி வைத்தல்; பற்றரி, மின்குமிழ், உடைந்த கண்ணாடி ஆகியவற்றைத் தனியே பொதிந்து வைத்தல் என்னும் நான்கும் நாளொன்றுக்குச் சில நிமிடங்களே கொள்வன. அருகிலுள்ள சேகரிப்பு நிலையம் எவற்றை ஏற்கும், எவற்றை ஏற்காது என்பதை முன்னரே கேட்டறிந்து செல்வதும் இன்றியமையாதது. ஏற்காத பொருளை இரவோடு இரவாக வாசலில் வைத்துவிட்டுச் செல்வது கொடையாகாது. அது குப்பையை இடம் மாற்றுவதேயாகும்.

இலங்கையருக்கு இது முற்றிலும் புதிய பாடமும் அன்று. பழைய போத்தலும் பழைய பத்திரிகையும் வாங்க வீதிவழியே கூவி வந்த வியாபாரியை எதிர்பார்த்து, அவற்றைக் கழுவியும் கட்டியும் மூலையில் அடுக்கி வைத்த வீடுகள் இந்நாட்டில் எத்தனையோ இருந்தன. அவ்வீட்டார் சுற்றாடல் என்ற சொல்லைக் கேட்டிருக்கமாட்டார்கள். கலந்துவிட்டால் காசு கிடைக்காது என்பதை மட்டும் அறிந்திருந்தார்கள். அவ்வறிவே போதுமானதாயிருந்தது.

பிரிக்கும் வேலையை எவரேனும் ஒருவர் செய்தேயாக வேண்டும். வீட்டார் செய்தால் அது தூய கைகளால் சில நிமிடங்களில் முடிகின்றது. அவர்கள் செய்யாதொழிந்தால், குப்பைமேட்டின்மேல் வெறுங்கையோடு நிற்கும் ஓர் ஏழைத் தொழிலாளி உடைந்த கண்ணாடிக்கும் ஊசிக்கும் நடுவே அதனைச் செய்ய நேர்கின்றது. அன்றேல் எவரும் செய்யாமல் மேடு உயர்கின்றது. பையின் வாயைக் கட்டுமுன் ஒவ்வொரு வீட்டிலும் இந்நினைவு எழுமாயின், ஊரின் சுமை பாதியாகக் குறையும்.