மழையைப் படித்த பெண்

(மங்களூரில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மழையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு, வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மானாவாரிச் சீமை இது. இங்கே வந்து மழையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆனாலும் மழைக்குக் காத்திருப்பது ஒன்று. மழையை அறிவது வேறொன்று. இந்த இரண்டாவது காரியத்தைத்தான் நாம் அடியோடு விட்டுவிட்டோம்.

மழை இல்லையென்றால் நாம் என்ன செய்கிறோம்? கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாய் இழுக்கிறோம். கழுதைக்குக் கழுதை கல்யாணம் செய்து வைக்கிறோம். படியாத ஜனங்கள்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ஆம் வருஷம் சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டபோது, சர்க்காரின் அறநிலைய இலாகாவே கோயில்களில் மழைக்காக யாகம் நடத்தச் சொல்லி உத்தரவு அனுப்பிற்று. யாகம் செய்து மழை பெய்தால் அது மந்திரத்தின் மகிமை. பெய்யாவிட்டால் அது நாம் செய்த பாவம். எது நடந்தாலும் கொடுத்த தட்சிணை மட்டும் திரும்பி வராது. இப்படி எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத ஒரு வியாபாரம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

சரி, மழை எப்படித்தான் பெய்கிறது? விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்யும் தோழர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். பச்சை மண்ணில் செய்த சாமானைச் சூளையில் வைக்குமுன் உலர வைக்கிறீர்களே, அதிலிருந்த ஈரம் எங்கே போயிற்று? காற்றிலே கலந்தது. அதே காரியத்தைச் சூரியன் வங்காளக் குடாக்கடல் முழுவதிலும் செய்கிறான். ஈரம் கலந்த அந்தக் காற்று மேலே போகப் போக அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. நம்பாவிட்டால், சைக்கிள் டியூபிலிருந்து காற்றை இறக்கும்போது விரலை நீட்டிப் பாருங்கள், சில்லென்றிருக்கும். குளிர்ந்த காற்றிலுள்ள ஈரம், கண்ணுக்குத் தெரியாத உப்புப் பொடியிலும் தூசியிலும் ஒட்டிக்கொண்டு சிறு துளியாகிறது. அந்தத் துளிகள் சுமார் 10 லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து கடலைத் தடவிக்கொண்டு வருவதால் நமக்கு அப்போது மழை. இதில் வருணனுக்கு என்ன வேலை? கழுதைக்குத்தான் என்ன வேலை?

இதைக் கணக்குப் போட்டு ஆராயும் படிப்புக்கு வாயுமண்டலப் பௌதிகம் என்று பெயர். சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற பிறகு படிக்கும் மேல்படிப்பு அது. அந்தத் துறையில் பேரெடுத்த ஒரு பெண்மணியின் கதையைத் தாய்மார்கள் முக்கியமாய்க் கேட்க வேண்டும்.

அந்த அம்மையார் பெயர் அன்னா மணி. 1918-இல் திருவாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தவர். வசதியான குடும்பந்தான், ஆனால் அங்கேயும் ஆண்பிள்ளைக்கு உத்தியோகம், பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்பதே வழக்கம். எட்டாவது பிறந்த நாளில் வைரத்தோடு கொடுத்தார்கள். தோடு வேண்டாம், கலைக்களஞ்சியப் புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள் என்றதாம் அந்தக் குழந்தை! காதுக்கு மாட்டுவதைவிட மூளைக்குப் போடுவது மேல் என்று எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது. நமக்கு எத்தனை வயதில் தெரியப் போகிறது?

சென்னை ராஜதானிக் கல்லூரியில் 1939-இல் பட்டம் பெற்று, 1940-இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வைரம், கெம்பு முதலிய கற்களின் ஒளியைப் போட்டோத் தகட்டில் பதிய வைக்க 15, 20 மணி நேரம் ஆகும். ராத்திரி ஆராய்ச்சிச் சாலையிலேயே படுத்துக்கொள்வார். தனியாகவே 5 ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் தம் ஆராய்ச்சி நூலைச் சென்னை சர்வகலாசாலைக்கு அனுப்பினார். என்ன பதில் தெரியுமா? எம்.எஸ்ஸி. பட்டம் இல்லாததால் டாக்டர் பட்டம் கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலையைப் பார்க்கவில்லை, வாலைப் பார்த்தார்கள்! இன்ன பிறப்பு இல்லாதவன் உள்ளே வரக்கூடாது என்று கோயில் வாசலில் சொல்வதற்கும், இன்ன காகிதம் இல்லாதவள் உள்ளே வரக்கூடாது என்று கல்விச் சாலை வாசலில் சொல்வதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசியுங்கள்.

அந்த அம்மாள் அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அதே வருஷம் சர்க்கார் உபகாரச் சம்பளம் பெற்று லண்டனுக்குப் போனார். படிக்க விரும்பியது பௌதிகம். கிடைத்த இடமோ வானிலைக் கருவிகளைப் பற்றிய படிப்பு. அதையே எடுத்துக்கொண்டார். 1948-இல் திரும்பி வந்து புனாவில் வானிலை இலாகாவில் சேர்ந்து, அதுவரை சீமையிலிருந்து வரவழைத்த கருவிகளை இங்கேயே செய்ய ஏற்பாடு செய்தார். சுமார் 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரானது. தும்பாவில் ராக்கெட் தளம் ஏற்பட்டபோது வானிலை நிலையம் அமைத்தவரும் அவரே. இலாகாவின் துணைத் தலைமை அதிகாரியாய் இருந்து 1976-இல் ஓய்வு பெற்றார், 2001-இல் காலமானார். டாக்டர் பட்டம் கடைசிவரை இல்லை. அதனால் காற்றோ வெயிலோ அவருடைய அளவுக்கு அடங்க மறுத்துவிட்டதா?

இந்த அளவையினால் நமக்கென்ன லாபம் என்று கேட்கலாம். காரைக்காலிலிருந்து ஆகாயத்தில் பலூன் விடுகிறார்கள். அது 30 கிலோ மீட்டர் உயரம் வரை போய், அங்கங்கே உள்ள சூடு, ஈரம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் கீழே சொல்லுகிறது. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். புயல் வருகிறதென்று முன்கூட்டிச் சொன்னது எந்தச் சாமியாடி? எந்தப் பஞ்சாங்கம்? கருவியும் கணக்குந்தான் சொல்லிற்று. மரத்தைக் காப்பாற்ற முடியாவிட்டாலும், படகையும் மனிதனையும் காப்பாற்ற அந்த எச்சரிக்கைதான் வழி.

இந்தப் படிப்பு இன்று நமக்கு எட்டாததல்ல. விருத்தாசலத்திலேயே சர்க்கார் கலைக் கல்லூரி இருக்கிறது. அதற்குச் சாமி பேர் வைத்திருக்கிறார்கள்; இருக்கட்டும், உள்ளே நடப்பது பாடந்தானே! பௌதிகத்திலோ கணிதத்திலோ பட்டம் பெற்றவர்கள் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்திலும், கொச்சி, ஆந்திரா சர்வகலாசாலைகளிலும் பரீட்சை எழுதி மேலே இதைப் படிக்கலாம். பயிருக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராயக் கோவை விவசாய சர்வகலாசாலையில் தனிப் பிரிவே இருக்கிறது. மழையை நம்பிப் பிழைக்கிற வீட்டுப் பெண் மழையைப் படிக்காமல் வேறு யார் படிப்பது?

ஆகவே தோழர்களே, கொடும்பாவிக்கும் யாகத்துக்கும் வசூலிக்கும் பணத்தை இந்த வருஷம் தனியே எடுத்து வையுங்கள். பத்தாவது முடித்துவிட்டு, கல்யாணத்துக்கென்று வீட்டில் நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு பெண்ணையாவது அந்தப் பணத்தில் மேலே படிக்க வையுங்கள். உடனே மழை பெய்யும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் புரோகிதன்தான். ஆனால் மழை ஏன் பெய்யவில்லை என்று உங்கள் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல இந்த ஊரிலேயே ஒருத்தி இருப்பாள். யாகம் அதைச் செய்யுமா என்று வீட்டுக்குப் போய் நிதானமாய் யோசித்துப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் செய்யுங்கள்.