மிளகாய்க் காரமும் நம்ம கையும்



வத்தல் காம்பு கிள்ளிட்டு, ராத்திரி முழுக்கக் கை எரிஞ்சு தூங்காதவங்க எத்தனை பேர்? கையைத் தூக்குங்க. பாருங்க, பாதிக்கு மேல தூக்கியாச்சு!

தண்ணீரில் எத்தனை தடவை கழுவினாலும் அந்த எரிச்சல் போகாது. மிளகாயின் காரத்துக்குப் பெயர் கேப்சைசின். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் வேலை முடிந்ததும் முதலில் தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு போடுங்க. கண்ணில் பட்டால் மட்டும் எண்ணெய் ஆகாது. சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுக் கழுவணும்; அடங்கலைன்னா டாக்டரிடம் போயிடணும். கைப்பிள்ளை வச்சிருக்கிறவங்க கை சுத்தமாகாமல் பிள்ளையைத் தூக்காதீங்க.

கையுறை, மாஸ்க் வாங்குற காசையும் பொடியின் அடக்க விலையில் சேருங்க. பாக்கெட் கவருக்குக் கணக்கு எழுதுறோம், கைக்கு எழுதுறதில்லை.

ஒரு வேடிக்கை, இந்த எரிச்சலில் தோல் வேகுறதில்லை. சூட்டை உணரும் நரம்பை கேப்சைசின் ஏமாற்றுது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு, இன்னொருவரோடு சேர்த்து, 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். திரும்பத் திரும்பச் சீண்டினால் அந்த நரம்பு மரத்துப்போகும். அதனால்தான் சில வலிக் களிம்புகளில் இதை அளவாகச் சேர்க்கிறார்கள். அதுக்காக மிளகாயை அரைச்சு முழங்காலில் பூசிடாதீங்க!

விதையில்தான் காரம்னு சொல்றோம். காரம் ஊறுவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டியதுதான்.

இப்ப வியாபாரத்துக்கு வருவோம். "பொடி சிவப்பா இல்லையே, காரம் இருக்குமா?"ன்னு கடைக்காரர் கேட்பார். சிவப்பு வேறு சத்து, காரம் வேறு சத்து. கர்நாடகத்து பியாடகி மிளகாய் ரத்தச் சிவப்பு, காரம் கம்மி. நம்ம ராமநாதபுரம் முண்டு 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. குழம்புக்கு அதன் மணமும் காரமும் தனி. நிறம் வேணும்னா பியாடகியைக் கொஞ்சம் கலந்து அரைங்க. கலர் பொடி சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால், அந்த ஆர்டரே வேண்டாம். மிளகாய்ப் பொடியில் செயற்கை நிறம் சேர்ப்பது சட்டப்படி குற்றம். சூடான் என்ற சாயம் உடம்புக்கும் கேடு.

அரைத்த பொடியை வெயில் படாமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்க. வெளிச்சம் பட்டால் முதலில் வெளுப்பது நிறம்தான், காரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அடுத்த தடவை கடைக்காரர் கேட்டால், ஒரு சிட்டிகை நாக்கில் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க.