ஐந்து பெண்கள், ஐம்பது அடி ஆழம்

ஸ்கூபா டைவிங் என்றதும் பெண்கள் பலர் கேட்பது, "அந்த சிலிண்டரை யார் தூக்குவது?" என்றுதான். நியாயமான கேள்வி. சுமார் 15 கிலோ இருக்கும். கரையில் தோளை அழுத்தும். தண்ணீரில் இறங்கிவிட்டால் அந்தக் கனமே தெரியாது. அங்கே வேண்டியது பலமல்ல, பதறாத மூச்சு. மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதடைப்பு விட்டுவிடும். இது கைவந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஆனால் பெண்களுக்குக் குறுக்கே நின்றது சிலிண்டரின் கனம் மட்டுமல்ல. அமெரிக்கக் கடலாய்வாளர் சில்வியா எர்ல் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் மூழ்கி ஆய்வு செய்தவர். ஆனாலும் டெக்டைட் என்ற கடலடி ஆய்வுக்கூடத்தில் ஆண்களோடு அவரைத் தங்கவைக்க அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. அதனால் 1970-இல் பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்று உருவானது. எர்ல் தலைமையில் ஐந்து பேர் விர்ஜின் தீவுகளருகே 50 அடி ஆழத்தில் இரண்டு வாரம் தங்கினார்கள். தினமும் நீந்திப் போய் மீன்களையும் பாசிகளையும் ஆராய்ந்தார்கள். நிருபர்களோ உதட்டுச்சாயம் பற்றியெல்லாம் கேட்டார்களாம்! ஆண்களிடம் கேட்டிருப்பார்களா?

கற்றுக்கொள்ள ஆசையா? புதுச்சேரியிலும் அந்தமானிலும் பயிற்சி மையங்கள் உண்டு. சேரும்போது உடல்நிலை பற்றிக் கேட்பார்கள். ஆஸ்துமாவோ காது நோயோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.