குழாய் வேலையும் கை அரிப்பும்



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, அளவான குடும்பம் ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். உழைக்கிற கை நலமாக இருப்பதும் குடும்ப நலம்தான். அந்தக் கை ஒரு வாரம் ஓய்ந்தால் வீட்டில் அடுப்பும் ஓய்ந்துவிடும். ஆகவே இன்று கையைப் பற்றியே பேசுவோம்.

2019-இல் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கியபின் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு வந்தது. நம் பிள்ளைகள் பலரும் குழாய் வேலை கற்றுக்கொண்டார்கள். எல்போ, டீ, சாக்கெட், யூனியன், நிப்பிள் என்று நாள் முழுவதும் ஜி.ஐ. சாமான்களைக் கையாளுகிறார்கள்.

அப்படி ஒருவர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாகக் கையில் அரிப்பு. விரல் இடுக்கில் சிறு கொப்புளம், பிறகு வெடிப்பு. மனைவி சொல்கிறாள்: "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்களேன்." அவர், "இரும்புக் கறைதான் புள்ள, தானா போயிடும்" என்கிறார். மாமியாரோ, "குழந்தையை அவன்கிட்டக் கொடுக்காதே, ஒட்டிக்கும்" என்கிறார். அன்று முதல் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய். அரிப்பு கையில்தான். புண் பட்டதோ மனசில். இது நடக்க வேண்டுமா? யோசித்துப் பாருங்கள்.

முதலில் ஜி.ஐ. என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். துத்தநாகத்தைச் சுமார் 450 டிகிரி சூட்டில் உருக்கி, அதில் இரும்பை முக்கி எடுக்கிறார்கள். அந்தப் பூச்சுதான் துருவைத் தடுக்கிறது. துத்தநாகத்தால் தோலில் ஒவ்வாமை வருவது மிக அரிது. அப்படியானால் அரிப்பு எதனால்?

ஒன்று, குரோமேட் உப்பு. பூச்சின் மேல் வெள்ளைத் துரு படியாமல் இருக்கச் சில சாமான்களில் இதைத் தடவுகிறார்கள். சிமென்ட்டிலும் இது உண்டு. கொத்தனார், சித்தாள் கைகளில் வரும் படைக்கு இதுவும் ஒரு காரணம். குழாய் பதித்துச் சிமென்ட்டும் பூசுகிறவருக்கு இரண்டு வழியிலும் படும்.

இரண்டு, நிக்கல். பளபளப்பு முலாம் பூசிய குழாய்களில் இருக்கும். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதற்கும் காரணம் இந்த நிக்கல்தான்.

மூன்று, கூட வரும் பொருட்கள். மரை வெட்டும்போது ஊற்றும் எண்ணெய், இணைப்பில் தடவும் பசை, கையில் போடும் ரப்பர் உறை ஆகியவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. மண்ணெண்ணெய் அதிகம் பட்டால் யார் கையும் எரியும். அது எரிச்சல். ஒவ்வாமை சிலருக்கு மட்டுமே வரும். பொருள் பட்ட அன்றே தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத் தலைகாட்டும். அதனால்தான் 'நேத்து ஒண்ணும் ஆகலையே' என்று ஏமாந்துபோகிறோம். ஒருமுறை உடம்பு பழகிவிட்டால், அடுத்த தடவை சிறிதளவு பட்டாலும் அரிக்கும். இந்தக் குணம் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும்.

தாய்மார்களே, இதை நன்றாக மனதில் வையுங்கள்: ஒவ்வாமைப் படை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. கணவனோடு ஒரே பாயில் படுக்கலாம், ஒரே பானையில் சாப்பிடலாம், குழந்தையைக் கொடுக்கலாம். ஆனால் ராத்திரியில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால் அது சொறி சிரங்காக இருக்கலாம். அது ஒட்டும். குடும்பம் முழுவதும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாத தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே மருந்து கிடைக்கிறது, குணமும் ஆகும். எது என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

இனி, செய்ய வேண்டியவை.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் கொண்டு கை கழுவாதீர்கள். அவை தோலின் பசையை எடுத்துவிடும். வெடித்த தோல் வழியாக ஒவ்வாமைப் பொருள் எளிதில் உள்ளே போகும்.

சாமான்களை எடுத்து அடுக்கும்போது கையுறை போடுங்கள். குரோமியத்தால் பதப்படுத்திய தோல் கையுறை, குரோமேட் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஆகாது. அவருக்கு உள்ளே பருத்தி உறையும், மேலே நைட்ரைல் உறையும் நல்லது. சுழலும் மரை இயந்திரத்தின் அருகில் மட்டும் கையுறை கூடாது. அது சிக்கிக் கையையே இழுத்துவிடும்.

மருந்துக் கடையில், 'படைக்கு ஒரு கிரீம் கொடுங்க' என்று கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். கண்டபடி போட்டால் தோல் மெலியும். பூஞ்சைப் படையாக இருந்தால் இன்னும் பரவும். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய, தோல் மருத்துவர் முதுகில் மருந்துகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார். பிறகு மறுபடியும் ஒரு நாள் வரச் சொல்வார். பொருள் தெரிந்துவிட்டால் அதை மட்டும் விலக்கினால் போதும். பலர் தொழிலை விட வேண்டியதில்லை.

ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசிக்காதீர்கள். சில மணி நேரம் கழித்து, குளிர்காய்ச்சல் போல நடுக்கமும் தாகமும் வரும். இது ஒவ்வாமை அல்ல, துத்தநாகப் புகைக் காய்ச்சல். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். முன்கூட்டியே பால் குடித்தால் வராது என்பது வெறும் நம்பிக்கை. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பற்றவைப்பதே காப்பு. மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஈயம் கலந்த வெள்ளைப் பசை, சிவப்புப் பசை வேண்டாம். டெப்லான் டேப் சுற்றினால் போதும். ஈயம் அரிக்காது, அதனால் பட்டதே தெரியாது. ஆனால் அது விஷம். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும். ஆகவே வேலைச் சட்டையை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கை கழுவாமல் சோறும் கூடாது, வெற்றிலையும் கூடாது, பீடியும் கூடாது.

கூர் மரை கிழித்துக் காயமானால் கழுவிவிட்டு, தடுப்பு ஊசி வேண்டுமா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எப்போதாவது முகம், உதடு வீங்கி மூச்சு திணறினால் காத்திருக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

சகோதரர்களே, மனைவி கையைப் பார்த்துக் கேட்டால் எரிந்து விழாமல் காட்டுங்கள். தாய்மார்களே, அரிக்கிற கையைக் கண்டு விலகாமல் பிடித்துப் பாருங்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். பிரித்து வைத்த தட்டும் பாயும் மறுபடி ஒன்று சேரட்டும்.