நட்சத்திரங்களுக்கு நடுவே சூனியமா?

(வாராந்தரப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே,

சென்ற வாரம் இதே இடத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே இருப்பது வெறும் சூனியம் என்று பேசிவிட்டோம். இளந்தோழர் ஒருவர் எழுந்து, "அங்கே அமோனியா இருக்கிறதாமே?" என்றார். "போய் மோந்து பார்த்தவர் யார்?" என்று கேலி செய்தோம். எல்லோரும் சிரித்தீர்கள். தோழர்களே, அவர் சொன்னதே சரி. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய நாம், இந்த ஒரு வாரமாகப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

நம்மைப் போலவே அவசரப்பட்டவர் பிரெஞ்சுத் தத்துவாசிரியர் அகஸ்ட் காம்ட். நட்சத்திரங்களின் இரசாயனச் சேர்மானத்தை மனிதன் ஒருநாளும் அறிய முடியாது என்று 1835-ல் எழுதினார். 1857-ல் காலமானார். இரண்டே ஆண்டுகளில், ஹைடல்பர்க் நகரில் கிர்க்ஹாஃபும் புன்ஸனும் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் தனி வரிகள் உண்டென்று காட்டினார்கள். சூரியனில் ஸோடியம் இருப்பது போகாமலே தெரிந்தது.

மூலக்கூறு விஷயமும் இப்படித்தான். அது தன் நிலை மாறும்போது தனக்கே உரிய அலைநீளத்தில் ரேடியோ அலையை வெளிவிடும், அல்லது விழுங்கும். ரேடியோப் பெட்டியில் முள் குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால்தானே நிலையம் கேட்கிறது? 18 சென்டிமீட்டரில் ஹைட்ராக்ஸில், 1.25-ல் அமோனியா. ஹைட்ராக்ஸிலை ரேடியோ மூலம் தேடலாம் என்று சோவியத் விஞ்ஞானி ஷ்க்லோவ்ஸ்கி 1949-லேயே சொன்னார். 1963-ல் அமெரிக்காவில் அதைப் பிடித்தார்கள்.

அப்போதும் நிபுணர் பலருக்கு மனம் வரவில்லை. நான்கு அணு சேர்ந்த அமோனியா அங்கே நிலைக்காது, புற ஊதாக் கதிர் உடைத்துவிடும் என்றார்கள். டவுன்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1968-ல், கலிபோர்னியாவில், 20 அடிக் கிண்ணம் ஒன்றைப் பால்வீதியின் மையப் பக்கம் திருப்பினார்கள். அமோனியா கிடைத்தது! பிறகு தண்ணீர். 1969-ல் ஃபார்மால்டிஹைடு, பள்ளிக்கூடத்துக் கண்ணாடி ஜாடியில் தவளையைப் போட்டு வைக்கிறார்களே, அதேதான். 1975-ல் சாராயச் சத்தான எதைல் ஆல்கஹாலே அகப்பட்டது. (சந்தோஷப்பட வேண்டாம், எட்டாத தூரம்.) இன்றைய கணக்கு 300-க்கு மேல்.

உடையாமல் இருப்பது எப்படி? தூசியால்! பால்வீதியில் கருந்திட்டாகத் தெரிபவை ஓட்டைகள் அல்ல, தூசி மேகங்கள். அவை புற ஊதாக் கதிரை உள்ளே விடுவதில்லை. நம் காற்றோடு ஒப்பிட்டால் அங்கே அணுக்கள் மிக மிக அரிது; ஒன்றையொன்று சந்திப்பதே கடினம். தூசித் துகளில் வந்து ஒட்டும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் அங்கேயே கூடிக்கொள்கின்றன. சுமார் மைனஸ் 260 டிகிரிக் குளிரில் துகள்மீது பனிக்கட்டி படிகிறது; அதற்குள்ளும் இரசாயனம் நடக்கிறது. இந்த மேகங்கள் சுருங்கித்தான் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

அப்படியானால் உயிரும் அங்கிருந்தா வந்தது என்று அதே தோழர் கேட்கப் பார்க்கிறார். மூலக்கூறு வேறு, உயிர் வேறு. இந்தத் தடவை நாம் அவசரப்படுவதாக இல்லை. அடுத்த வாரம் அவரே படித்துவிட்டு வந்து பேசட்டும்.