கணக்கை எழுதுவது யார்?

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கம்பெனிகளின் சமூகப் பொறுப்பை எப்படி அளக்கிறார்கள், யார் தணிக்கை செய்கிறார்கள் என்பது இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இது ஆடிட்டர்களும் பேராசிரியர்களும் பேச வேண்டிய விஷயம், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவனுக்கும் கழக்கூட்டத்தில் கண்ணாடிக் கட்டடத்தின் தரையைத் துடைக்கிற பெண்ணுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது. அந்தக் கணக்கில் நீங்களும் ஒரு வரி. பல நேரங்களில் காணாமல் போகிற வரி. அது எப்படிக் காணாமல் போகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சமூகப் பொறுப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பெஞ்சு, ஊருக்கு வாங்கிக் கொடுத்த ஆம்புலன்ஸ், அதன்மேல் பெரிய எழுத்தில் கம்பெனியின் பெயர். இது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவால் வந்தது. 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுக்காரியங்களுக்குச் செலவிட வேண்டும். நல்ல காரியம்தான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சட்டம் கேட்பது, வந்த லாபத்தில் எவ்வளவு கொடுத்தாய் என்பதை மட்டும்தான். அந்த லாபம் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியில் பிடித்ததையும், கிணற்றிலிருந்து உறிஞ்சியதையும் சேர்த்து வந்த லாபமானாலும் 2 சதவீதம் 2 சதவீதமே.

லாபம் வந்த வழியைக் கேட்கிற கணக்கு வேறு ஒன்று. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2021இல் ஓர் அறிக்கைப் படிவத்தை வகுத்தது. வணிகப் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய அறிக்கை என்று அதற்குப் பெயர். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளில் சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022–23ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் இதை வெளியிட்டாக வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்தாய், எவ்வளவு புகை விட்டாய், கழிவு எங்கே போயிற்று, எத்தனை பேருக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாய், எத்தனை பேருக்குக் காயம், எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்று வரிவரியாகக் கேட்கிறது. நிரந்தரத் தொழிலாளி எத்தனை பேர், நிரந்தரமல்லாதவர் எத்தனை பேர் என்றும் தனித்தனியாகக் கேட்கிறது. இந்தக் கடைசிக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் இருக்கிற இடம் அது.

விபத்துக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்ப்போம். இந்தப் படிவம் இதற்குக் கேட்கிற அளவு இது: 10 லட்சம் மணி நேர வேலைக்கு, வேலைக்கு வர முடியாதபடி எத்தனை விபத்து நடந்தது என்பது. ஓர் உதாரணத்துக்கு, 500 பேர் வேலை செய்கிற ஒரு கட்டட இடம். ஆளுக்கு ஆண்டில் 250 நாள், நாளுக்கு 8 மணி நேரம். மொத்தம் 10 லட்சம் மணி நேரம். ஆண்டில் ஆறு பேருக்குக் கையோ காலோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். விபத்து விகிதம் 6. ஆனால் அதில் ஐந்து பேர் சப்‑கான்டிராக்டரின் ஆட்கள்; பதிவேட்டில் பெயர் இல்லை. மேஸ்திரி கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்துத் தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அறிக்கையில் விகிதம் 1. எண்ணைப் பார்க்கிற முதலீட்டாளர், இந்த ஆண்டு பாதுகாப்பு எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது என்று மகிழ்ச்சி அடைகிறார். இதில் யாரும் பொய்க் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆள் பஸ் ஏறினால் போதும், எண் தானாகச் சரியாகிவிடுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்; சதவீதத்தில் மறைக்கலாம்.

இந்த அறிக்கையின் முக்கிய எண்களை வெளியார் ஒருவர் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்ற விதியும் வந்தது. 2023–24இல் முதல் 150 கம்பெனிகளிடம் தொடங்கினார்கள். சரக்குக் கொடுக்கிற சிறிய கம்பெனிகளின் கணக்கையும் பெரிய கம்பெனி காட்ட வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். சுமை அதிகம் என்று முதலாளிகள் தரப்பில் முறையிட்டபின், 2025இல் அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நம்மில் பெரும்பாலோர் வேலை செய்வது அந்தச் சிறிய இடங்களில்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளியாரை வைத்துத் தணிக்கை செய்வது இன்று நேற்று வந்ததல்ல. 1979இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி, நீதிபதி எஸ்.பி. கோட்வால் தலைமையில் ரஜனி கோத்தாரி, பி.ஜி. மாவலங்கர் ஆகியோர் கொண்ட ஒரு குழுவை அமைத்துத் தன் சமூகப் பணியைத் தணிக்கை செய்யச் சொன்னது. இந்தியாவில் ஒரு கம்பெனி தானே முன்வந்து செய்த முதல் சமூகத் தணிக்கை என்று அதைச் சொல்கிறார்கள். மதிப்புக்குரிய மனிதர்கள். ஆனாலும் அழைத்தது கம்பெனி என்பதை மறக்கக் கூடாது. அழைக்கிறவர் கதவைத் திறக்கிற அளவுக்குத்தான் விருந்தாளி உள்ளே போக முடியும்.

அழைக்கப்படாத தணிக்கை ஒன்று நம் கேரளத்திலேயே நடந்தது. பாலக்காட்டில், சித்தூர் தாலுகா, பெருமாட்டி பஞ்சாயத்து, பிளாச்சிமடா. தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். 2000இல் அங்கே கொக்கோ கோலா ஆலை வந்தது. ஆறு மாதம், ஒரு வருஷம் கழிந்ததும் சுற்றியிருந்த குடியிருப்புகளின் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. இருந்த தண்ணீரும் சோறு வேகவைக்க உதவாததாக மாறியது. இதை முதலில் அளந்தது எந்த ஆய்வுக்கூடமும் அல்ல, அந்த வீடுகளின் பெண்கள். பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது. அவர்களில் ஒருவர் மயிலம்மா, இரவாளர் இனத்துப் பழங்குடிப் பெண். 2002 ஏப்ரல் 22ஆம் தேதி ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்.

கம்பெனியிடம் ஆய்வறிக்கைகள் இருந்தன, நிபுணர்கள் இருந்தார்கள். ஆலைக் கழிவுச் சேற்றை நல்ல உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலி அந்தச் சேற்றை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது காரீயமும் காட்மியமும் இருந்தது தெரிந்தது. பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது; அதன்பிறகு ஓடவே இல்லை. 2010இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, மண்ணுக்கும் தண்ணீருக்கும் மக்களின் உடம்புக்கும் கூலிக்கும் நேர்ந்த நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. வேலைநாள் இழப்பையும், தூரத்திலிருந்து தண்ணீர் சுமந்த பெண்களின் பாட்டையும் ஒரு நஷ்டமாக எண்ணலாம் என்று ஒரு சர்க்கார் காகிதம் ஏற்றுக்கொண்டதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் நஷ்டஈட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் அது திரும்பிவந்தது. மயிலம்மா 2007லேயே காலமாகிவிட்டார்.

இதே கம்பெனி விஷயத்தில் இன்னொரு தணிக்கையும் நடந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் இந்தச் செய்திகளைக் கேட்டுக் கிளர்ச்சி செய்ததால், டெல்லியிலுள்ள டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் ஆறு ஆலைகளை ஆய்வு செய்து 2008 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. பிளாச்சிமடா மூடிக்கிடந்ததால் அந்த ஆறில் இல்லை. ராஜஸ்தானத்துக் காலாதேரா ஆலைக்கு, வேறிடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவது, அல்லது ஆலையை மாற்றுவது, அல்லது மூடுவது என்று யோசனை சொன்னது. அறிக்கை நேர்மையானதுதான். ஆலை நின்றது 2016இல். எட்டு ஆண்டு! அந்த 2016லேயே, உலகமெங்கும் தாங்கள் விற்ற பானத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்ததோ அவ்வளவையும் இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. உலகக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு கண்டத்தில் கட்டிய குளத்துத் தண்ணீர் இன்னொரு கண்டத்துக் கிணற்றில் ஊறாது.

தனியார் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். இதோ நம் கொச்சுவேளியில் டைட்டானியம் ஆலை இருக்கிறது. கேரள அரசுக்குச் சொந்தமானது. அமிலம் கலந்த கழிவைப் பல காலம் வேளிக் கடலில் விட்டுவந்தார்கள். கடல் நிறம் மாறுவதைக் கரையில் நின்று பார்த்த மீனவனுக்கு அறிக்கை தேவைப்படவில்லை. 2021 பிப்ரவரியில் உலை எண்ணெய் கசிந்து கடற்கரை கறுத்ததை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். அது பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி. ஆகவே நான் சொன்ன செபி படிவம் அதைத் தொடாது.

இனித் தொழிற்சாலைக்கு உள்ளே போவோம். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை. 2012 ஆகஸ்டில் இத்தாலியத் தணிக்கைக் கம்பெனி ஒன்றிடமிருந்து எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளர் நலன், பாதுகாப்பு எல்லாம் சரி என்பதற்கு உலகம் ஒப்புக்கொள்கிற சான்று அது. சில வாரங்களில், செப்டம்பர் 11ஆம் தேதி, தீப்பிடித்தது. வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன, ஜன்னல்களில் கம்பி. 250க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சான்றிதழ் மட்டும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பது ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தணிக்கைக்காரர் வருகிற தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்று காலை புதுக் கையுறை, தலைக்கவசம் வரும். வயது குறைந்த பிள்ளைகளுக்கு லீவு. மருந்துப் பெட்டியில் மருந்து இருக்கும். யாரைப் பேட்டிக்கு அனுப்புவது என்பதைச் சூப்பர்வைசர் தீர்மானிப்பார், பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். தணிக்கைக் கட்டணத்தை ஆலைக்காரர் கொடுக்கிறார், அல்லது சரக்கு வாங்குகிறவர் கொடுக்கிறார். தணிக்கைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. அடுத்த ஆண்டும் அவருக்குச் சாப்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு மாற்று இல்லையா என்றால், நம் திண்டுக்கல்லில் ஒன்று பிறந்தது. 2021 ஜனவரியில், வெளிநாட்டுக்குத் துணி தைக்கும் ஓர் ஆலையில் வேலைசெய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். தணிக்கை நடக்காத ஆலையா என்றால், பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தைத்துக்கொடுத்த ஆலை. பெண்கள் பட்ட தொல்லை எந்தத் தாளிலும் ஏறவில்லை. பெண்களே தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்தது. எச் அண்ட் எம் முதலிய கம்பெனிகளும் தனி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. தையல் லைன்களில் வேலை செய்கிற பெண்களையே பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற விருந்தாளி அல்ல, தினமும் அதே மெஷினில் உட்கார்கிறவள் கவனிக்கிறாள். ஒப்பந்தத்தை ஆலை மீறினால் சரக்கு வாங்குகிறவர் வியாபாரத்தைக் குறைக்க வேண்டும். கையெழுத்துக்குப் பின்னால் இப்படி ஒரு விலை இருந்ததால்தான் அது வேலை செய்தது.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17வது பிரிவு, வேலைகளின் சமூகத் தணிக்கையைக் கிராம சபையே நடத்த வேண்டும் என்றது. மஸ்டர் ரோலை ஊர் நடுவே உரக்க வாசிப்பார்கள். நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே என்று ஒருவன் எழுந்து சொல்வான். பஞ்சாயத்துக் கணக்கை ஊர் கேட்கலாம் என்றால் கம்பெனிக் கணக்கை அங்கே வேலை செய்கிறவர் கேட்பதில் என்ன தவறு?

அதற்கு நாம் செய்யக் கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். கம்பெனி அறிக்கையில் புகார்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு. மேஸ்திரியிடம் வாயால் சொன்னது அதில் ஏறாது. தேதி போட்டு, முதன்மைக் கம்பெனியின் பெயருக்கு எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கத்தில் எழுதிக் கொடுப்போம். காயம் பட்டவர் ஊருக்குப் பஸ் ஏறுமுன் சங்கத்து நோட்டில் பெயர், வேலை இடம், நாள், நேரம், பார்த்த டாக்டர் எல்லாவற்றையும் பதியச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. எண் இருந்தால் அதையும். ஆண்டு முடிவில் கம்பெனியின் அறிக்கை வெளியாகும்போது நம் நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கூலிச் சீட்டு உள்ளவர்கள் அதைக் கொண்டுவாருங்கள். பெரும்பாலோருக்கு இருக்காது. அவர்கள் கேட் பாஸைக் கொண்டுவாருங்கள். கான்டிராக்டர் தராத கம்பெனிப் பெயர் பல சமயம் அதில்தான் அச்சடித்திருக்கும்.